சென்னையில் வீடு பார்க்கும் முன் பயணத்தை அளப்பது எப்படி

சென்னையில் பெரும்பாலோர் வீடு பார்க்கக் கிளம்புவது ஞாயிற்றுக்கிழமை காலையில். சாலை காலியாக இருக்கும், புரோக்கரின் வண்டி மேடவாக்கத்திலிருந்து கிண்டிக்கு அரை மணியில் போய்விடும். குடிவந்த முதல் திங்கட்கிழமைதான் அந்த அரை மணி எவ்வளவு நீளும் என்று தெரியவரும். அதற்குள் அட்வான்ஸ் கைமாறியிருக்கும், பிள்ளைகளுக்குப் பள்ளி மாற்றியாகியிருக்கும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முந்தைய வாரத்தில் என்னென்ன அளக்க வேண்டும், எந்தக் கணக்கு எங்கே பிசகும் என்பதைத்தான் இங்கே சொல்கிறோம். வாடகைக்குப் போகிறவர்களுக்கும் வாங்குகிறவர்களுக்கும் முதல் பாதி ஒன்றுதான்.

அந்த இடம் தண்டவாளத்துக்கு முன்னால் வளர்ந்ததா, பின்னால் வளர்ந்ததா

முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள், பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும். சென்னையின் தெற்குப் பக்கம் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது. மாம்பலத்து ஏரியைத் தூர்த்து தியாகராய நகரை உருவாக்கியது 1920களில். பீச்–தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். அதன்பிறகு கோடம்பாக்கம், சைதாப்பேட்டை, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று குடியிருப்புகள் ஸ்டேஷனை நடுவில் வைத்துப் பரவின. இந்த ஊர்களில் கடைத்தெரு, காய்கறிச் சந்தை, மருந்துக்கடை, டியூஷன் சென்டர் எல்லாம் ஸ்டேஷன் வாசலிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும். வேலைக்குப் போய்விட்டு வருகிறவர் வழியிலேயே காய்கறி வாங்கிக்கொண்டு வீடு சேரலாம். அதற்கென்று தனியாக வண்டி எடுக்க வேண்டியதில்லை.

ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் கதை வேறு. தரமணியில் ஐ.டி. வளாகமான டைடல் பார்க் திறந்தது 2000இல். பறக்கும் ரயில் வேளச்சேரி வரை வந்தது 2007இல். அதற்குத் தெற்கே பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி என்று அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் ரயிலே இல்லாமல் ஒரே சாலையை நம்பி எழும்பின. மெட்ரோ இரண்டாம் கட்டம் இப்போதுதான் அவற்றைத் துரத்திக்கொண்டு போகிறது. இப்படிப்பட்ட இடத்தில் எல்லாப் பயணமும் அந்த ஒரு சாலையில்தான் போய் விழும். பால் வாங்கப் போகிறவரும் விமானத்தைப் பிடிக்க ஓடுகிறவரும் ஒரே யு-டர்னில் நிற்பார்கள். அங்கே வீடு எடுக்கக் கூடாது என்பதில்லை. அலுவலகமும் அதே சாலையில் இருந்தால் நல்ல தேர்வுதான். அலுவலகம் நுங்கம்பாக்கத்திலோ அம்பத்தூரிலோ இருந்தால்தான் சிக்கல்.

பலர் கவனிக்காத இன்னொன்று எதிர்த்திசைப் பயணம். காலையில் பெருங்கூட்டம் நகரத்துக்குள் வரும், மாலையில் வெளியே போகும். உங்கள் வேலை தாம்பரம் சானடோரியம் பக்கத்து மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம், பரனூர் பக்கத்து மகிந்திரா சிட்டி, பட்டரவாக்கத்தை ஒட்டிய அம்பத்தூர் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் இருந்தால், நகரத்துக்குள் வீடு எடுத்து வெளிப்பக்கம் போவது உடம்புக்கு எவ்வளவோ நல்லது. அதே கட்டணத்தில் பெரும்பாலும் உட்கார்ந்து போகலாம்.

நடையை அளப்பது

விளம்பரத்தில் வரும் ‘ஸ்டேஷனிலிருந்து 500 மீட்டர்’ பெரும்பாலும் வரைபடத்தில் கோடு போட்டு எடுத்தது. தெருக்கள் அப்படிப் போவதில்லை. தண்டவாளம், கால்வாய், சுற்றுச்சுவர் போட்ட பெரிய வளாகம், முட்டுச்சந்து எல்லாம் சேர்ந்து அந்த 500 மீட்டரை 700, 800 ஆக்கிவிடும். அதனால் நடந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, வீட்டின் கேட்டிலிருந்து பிளாட்பாரத்தில் நிற்கும் வரை நடங்கள். கேட்டிலிருந்து ஸ்டேஷன் பெயர்ப்பலகை வரை மட்டும் அளந்தால் போதாது.

நல்ல நடையில் நிமிடத்துக்குச் சுமார் 80 மீட்டர் போகலாம். 400 மீட்டருக்கு 5 நிமிடம், 800 மீட்டருக்கு 10 நிமிடம். முதியவரோ பையைச் சுமந்த பிள்ளையோ நடந்தால் 60 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடைமேம்பாலம் ஏறி இறங்க 2 முதல் 3 நிமிடம். பறக்கும் ரயில் ஸ்டேஷன்களிலும் சுரங்க மெட்ரோவிலும் வாசலுக்கும் பிளாட்பாரத்துக்கும் இடையே மட்டும் 3 முதல் 4 நிமிடம் பிடிக்கும். தினமும் ஏறி இறங்கும்போது இதெல்லாம் பெரிய கணக்கு.

தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் வீடு என்பதையும் பாருங்கள். தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. சாலை மேற்குப் பக்கம். கிழக்குத் தாம்பரத்துக்காரர் அந்தச் சாலையில் பஸ் பிடிக்கத் தினமும் தண்டவாளத்தைத் தாண்டியாக வேண்டும். இருபுறமும் டிக்கெட் கவுண்டரும் வாசலும் இருக்கின்றனவா, லிஃப்ட் ஓடுகிறதா, எந்த வாசலை இரவில் பூட்டுகிறார்கள் என்பதையெல்லாம் ஸ்டேஷன் வாசலில் பூ விற்பவரிடம் கேட்டால் சரியான பதில் கிடைக்கும்.

வாசல் எங்கே வைக்கிறார்கள் என்பது ஒரு பேட்டையின் தலையெழுத்தையே மாற்றும். பக்கிங்காம் கால்வாயை ஒட்டி எழுப்பிய பறக்கும் ரயில் இதற்குப் பாடம். ஸ்டேஷன்கள் மலை மாதிரி நின்றன. ஆனால் பல இடங்களில் தெருவுக்குச் சரியான வாசல் இல்லை, பஸ் நிறுத்தம் பக்கத்தில் இல்லை. உள்ளே கடைகளுக்கென்று விட்ட பெரிய இடங்கள் வருடக்கணக்கில் காலியாகக் கிடந்தன. மாம்பலத்தில் நடந்தது நேர் எதிர். ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை 570 மீட்டர் நடைமேம்பாலம் 2023 மே மாதம் திறந்தது. ரங்கநாதன் தெரு நெரிசலில் மாட்டாமல் ரயிலிலிருந்து பஸ்ஸுக்கு மாறலாம். புதிதாகத் தண்டவாளம் போடாமல் இருப்பதையே பயன்படவைக்கும் இதுபோன்ற வேலைதான் இந்த நகரத்துக்கு இன்னும் நிறைய வேண்டும்.

காத்திருப்பை எண்ணுவது

‘இந்த வழியில் நிறைய பஸ் உண்டு’ என்பதை யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வேலை நாளில் நீங்கள் கிளம்பும் நேரத்துக்கு, செவ்வாயோ புதனோ, நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் நின்று குறித்துக்கொள்ளுங்கள். வண்டி எண், வந்த நேரம், ஏற முடிந்ததா என்ற மூன்றும் போதும்.

குறிக்கும்போது போர்டை முழுதாகப் படியுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் ‘கட்’ என்று இருந்தால் அது பாதி வழியோடு நின்றுவிடும். உங்கள் நிறுத்தம் அந்தப் பாதிக்கு அப்பால் இருந்தால் அந்த வண்டியை எண்ணாதீர்கள். கட்டணமில்லாப் பயணத்தை நம்பும் பெண்கள் சாதாரணக் கட்டண வண்டிகளைத் தனியாக எண்ண வேண்டும். மணிக்கு எட்டு வண்டி வந்தாலும் அதில் ஆறு டீலக்ஸாக இருந்தால், உங்களுக்கு இருப்பது இரண்டுதான்.

அடுத்து வருவது கொஞ்சம் கணக்கு, ஆனால் பலர் ஏமாறுவது இங்கேதான். 30 நிமிடத்தில் 3 வண்டி வந்தால் பத்து நிமிடத்துக்கு ஒன்று, சராசரியாக 5 நிமிடம் நிற்போம் என்று நினைப்போம். வண்டிகள் சமமான இடைவெளியில் வந்தால் அது சரி. ஆனால் நெரிசலில் வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வரும். இடைவெளி 2, 20, 8 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் அதனாலேயே பெருக்கிக் கூட்டினால் 4 + 400 + 64 = 468. அதை மொத்த நேரத்தின் இருமடங்கான 60ஆல் வகுத்தால் 7.8 நிமிடம். நீங்கள் நிறுத்தத்துக்குப் போகும் நேரம் அந்த 20 நிமிட ஓட்டைக்குள் விழத்தான் வாய்ப்பு அதிகம் என்பதே காரணம். அந்த ஓட்டைக்குப் பின் வரும் வண்டியில் எல்லோரும் ஏறுவதால் அதில் கால் வைக்கவும் இடம் இருக்காது, நிறுத்தத்துக்கு நிறுத்தம் இன்னும் தாமதமாகும். பின்னாலேயே காலியாக அடுத்தது வரும்.

ரயிலில் இந்தத் தொல்லை குறைவு, வேறு தொல்லை உண்டு. பீச்–தாம்பரம் இடையே வண்டிகள் அடிக்கடி உண்டு. தாம்பரத்தைத் தாண்டிச் செங்கல்பட்டு வரை போகிறவை குறைவு. மேற்கே ஆவடி வரை ஒரு கணக்கு, திருவள்ளூரைத் தாண்டினால் வேறு கணக்கு. கும்மிடிப்பூண்டி வழியில் இடைவெளி இன்னும் நீளம். ஆகவே கூடுவாஞ்சேரியிலோ மறைமலை நகரிலோ வீடு பார்க்கிறவர், தாம்பரத்தோடு நின்றுவிடும் வண்டிகளைக் கழித்துவிட்டு எண்ண வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை தனி. பராமரிப்புக்காக வண்டிகளை நிறுத்துவதும் பெரும்பாலும் அன்றைக்குத்தான். ஞாயிறும் வேலைக்குப் போகும் செவிலியர், கடை ஊழியர், காவலாளிகள் அந்த அட்டவணையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வாசலிலிருந்து நாற்காலி வரை

அளந்ததையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். அலுவலகம் நுங்கம்பாக்கத்தில் என்று வைத்து இரண்டு வீடுகளை ஒப்பிடுவோம். கீழே இருப்பவை எடுத்துக்காட்டுக்கான எண்கள். நீங்கள் அளந்ததை அங்கே போட்டுக்கொள்ளுங்கள்.

குரோம்பேட்டை வீடு: ஸ்டேஷனுக்கு நடை 9, மேம்பாலம் 3, காத்திருப்பு 5, ரயிலில் 30, இறங்கி நடை 8. மொத்தம் 55 நிமிடம்.

மேடவாக்கம் வீடு: நிறுத்தத்துக்கு நடை 5, காத்திருப்பு 8, கிண்டி வரை பஸ்ஸில் 45, ஸ்டேஷனுக்கு மாற 6, ரயிலுக்குக் காத்திருப்பு 4, ரயிலில் 12, இறங்கி நடை 8. மொத்தம் 88 நிமிடம்.

ஒரு வேளைக்கு 33 நிமிட வித்தியாசம். இருவேளையும் சேர்த்து, மாதம் 22 வேலை நாளுக்கு 1,452 நிமிடம், அதாவது 24 மணி நேரத்துக்கும் மேல். மாதத்தில் ஒரு முழு நாள் சாலையில் போகிறது. வாடகை இரண்டாயிரம் குறைகிறது என்று அந்தப் பக்கம் போகிறவர்கள் இந்த ஒரு நாளையும் தராசில் வைக்க வேண்டும்.

இரண்டு திருத்தங்கள் உண்டு. முதலாவது, வண்டி மாறும் ஒவ்வோர் இடத்துக்கும் கூடுதலாக 5 முதல் 10 நிமிடம் போடுங்கள். கடிகாரத்தில் அவ்வளவு ஆகாது. ஆனால் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததும் போய்விடும் என்ற அச்சத்தில் எல்லோரும் முன்கூட்டியே கிளம்பத் தொடங்குவோம், அந்த நேரமும் நம்முடையதுதான். இரண்டாவது, நான்கு நாள் அளந்தால் சராசரியை எடுக்காதீர்கள், மோசமான நாளை எடுங்கள். அலுவலகத்துக்குச் சராசரியாகச் சரியான நேரத்தில் போவதை யாரும் ஏற்க மாட்டார்கள். 55 நிமிட வழி மோசமான நாளில் 65 ஆகும். 88 நிமிட வழி 120ஐயும் தொடும், ஏனென்றால் அதில் சாலை இருக்கிறது.

வாடகையோடு சேர்த்துக் கூட்ட வேண்டியவை

புறநகர் ரயில்தான் இந்த நகரத்தில் மிக மலிவு. டிக்கெட் 5 ரூபாயில் தொடங்கும், தாம்பரத்திலிருந்து பீச் வரை 10 ரூபாய், சீசன் டிக்கெட் மாதம் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். 2025 ஏப்ரலில் வந்த ஏ.சி. வண்டிக்கு 35 ரூபாயிலிருந்து 105 வரை. மெட்ரோவில் 10 முதல் 50 ரூபாய், கியூஆர் டிக்கெட் எடுத்தால் 20 சதவீதம் குறையும். 40 ரூபாய் தூரத்துக்கு இருவேளையும் 22 நாள் போனால் 1,760. தள்ளுபடிக்குப் பின் 1,408. மாநகரப் பேருந்தில் விருப்பம்போல் பயணம் செய்யும் மாதச் சீட்டு 1,000 ரூபாய், ஏ.சி. வண்டியும் சேர்த்தால் 2,000.

கணக்கில் விட்டுப்போவது ஷேர் ஆட்டோ. ஸ்டேஷனுக்குப் போக 20, வர 20 என்றால் மாதம் 880 ரூபாய், சீசன் டிக்கெட்டைவிட அதிகம். வண்டியில் போய் ஸ்டேஷனில் நிறுத்துவதாக இருந்தால் பார்க்கிங் கட்டணத்தோடு, காலையில் நீங்கள் போகும் நேரத்தில் அங்கே இடம் மிச்சம் இருக்குமா என்பதையும் நேரில் பாருங்கள். முழுத் தூரமும் இருசக்கர வண்டி என்றால், ஒரு வேளைக்கு 15 கி.மீ. வீதம் மாதம் 660 கி.மீ. லிட்டருக்கு 45 கி.மீ. ஓடினால் கிட்டத்தட்ட 15 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் 1,470. டயர், சர்வீஸ், இன்சூரன்ஸ் தனி.

மழை நாளும் கடைசி வண்டியும்

மழைக்காலத்தில் வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் இருக்கும் சுரங்கப்பாதைதான் எதிரி. வியாசர்பாடி கணேசபுரம், தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதை போன்றவை தண்ணீர் நின்று மூடப்படுவது நகரம் அறிந்தது. ரயிலும் தப்பாது: பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையிலான 14ஆம் எண் பாலத்தில் தண்ணீர் ஏறினால் மேற்குப் பக்க வண்டிகள் தடுமாறும். கோடையில் வீடு பார்க்கிறவர் எதிர்வீட்டுச் சுற்றுச்சுவரில் தண்ணீர்த் தடம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கலாம். சுரங்கப்பாதை மூடினால் சுற்றிப் போக எவ்வளவு நேரம் என்பதையும் அந்தத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரவு ஒன்பதரைக்கு ஒருமுறை அந்த வழியில் நடந்து வாருங்கள். தெருவிளக்கு, திறந்திருக்கும் கடைகள், நாய்கள், ஷேர் ஆட்டோ எத்தனை மணி வரை ஓடுகிறது என்று எல்லாம் ஒரே நடையில் தெரிந்துவிடும். வீட்டில் இரவு ஷிஃப்ட் போகும் பெண் இருந்தால் இந்த நடையை அவரே நடந்து பார்த்துச் சொல்ல வேண்டும், வேறொருவர் பார்த்துச் சொல்வது போதாது. மெட்ரோ இரவு 11 மணியோடு நின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மெட்ரோ வரப்போகிறது என்று சொல்லி விற்கும் இடம்

இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்கள், 118.9 கி.மீ.: மாதவரம்–சிறுசேரி சிப்காட், கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி, மாதவரம்–சோழிங்கநல்லூர். இந்தத் தடங்களை ஒட்டி மனை விற்கிறவர்கள் மெட்ரோவின் விலையை இன்றைக்கே சேர்த்துத்தான் சொல்கிறார்கள். பயணத்தின் பலனோ வண்டி ஓடிய பிறகுதான் வரும். நடுவில் இருக்கும் வருடங்களில் தடுப்பு வேலி, பாதியான சாலை, தூசி, ஓடாத கடைகள்.

முதல் கட்டத்தையே பாருங்கள். கோயம்பேடு–ஆலந்தூர் 2015 ஜூனில் ஓடத் தொடங்கியது. சென்ட்ரலை எட்டியது 2018இல், வண்ணாரப்பேட்டையை 2019இல், விம்கோ நகரை 2021இல். ஒரே திட்டத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஆறு வருட வித்தியாசம். அதனால் உங்கள் ஸ்டேஷன் எந்தப் பகுதியோடு சேர்ந்து திறக்கும் என்று கேளுங்கள். முழுத் தடத்துக்கும் சொல்லும் தேதியை வைத்து வீட்டுக்கடனைத் திட்டமிடாதீர்கள்.

கிளாம்பாக்கம் இன்னொரு பாடம். பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் தயாராகவில்லை. தென் மாவட்டங்களிலிருந்து வந்து இறங்கியவர்கள் பெட்டியோடு வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போக வேண்டியிருந்தது. பெரிய கட்டடம் வந்துவிட்டால் இணைப்பும் தானே வந்துவிடும் என்று எண்ணி வாங்கக் கூடாது.

வாங்குகிறவர் பார்க்க வேண்டிய தாள்கள் மூன்று. சர்வே எண்ணை வைத்து சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் அது முதன்மைக் குடியிருப்பா, கலப்புக் குடியிருப்பா, வணிகமா என்று பாருங்கள். ஸ்டேஷன் அருகே கலப்புக் குடியிருப்பு என்றால் பக்கத்து வீடு நாளைக்கு ஹோட்டலாகலாம். தடத்தை ஒட்டிய மனையென்றால் கையகப்படுத்தும் பட்டியலில் இருக்கிறதா என்று மெட்ரோ நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் கட்டுவதாக இருந்தால் ரயில்வேயின் தடையின்மைச் சான்று வேண்டும். விற்பவர் அதை வாங்கியிருக்கிறாரா என்று அசலைப் பாருங்கள்.

குடிவந்த பிறகு பஸ் கேட்பது

நல்ல வீடு, ஆனால் ஸ்டேஷன் 2 கி.மீ. என்றால் எஸ் வரிசை சிற்றுந்து கேட்டு மனுக் கொடுக்கலாம். ‘எங்கள் பகுதிக்குப் பஸ் விடுங்கள்’ என்று மட்டும் எழுதிய மனு கோப்பில் தூங்கும். காலை 7 முதல் 10 வரை தெருமுனையில் நின்று, ஸ்டேஷனுக்குப் போகிறவர்களையும் ஷேர் ஆட்டோக்களையும் கால் மணிக்கு ஒருமுறை எண்ணி எழுதுங்கள். எந்தத் தெருவழியே போக வேண்டும், அதன் குறுகலான இடத்தில் அகலம் எத்தனை மீட்டர், தாழ்ந்த மின்கம்பி எங்கே, வண்டி எங்கே திரும்ப முடியும், எந்த ரயில் நேரத்தோடு பொருந்த வேண்டும் என்று ஒரு கைவரைபடத்தோடு சேர்த்துக் கொடுங்கள். மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் உங்கள் பகுதி கிளை மேலாளருக்கு ஒரு படி, வார்டு கவுன்சிலருக்கு ஒரு படி, ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு ஒரு படி. ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள், ஒரு மாதம் கழித்து அதே எண்ணைச் சொல்லி மறுபடி கேளுங்கள்.